திறப்பு விழாவுக்கு முன்னால் வந்த ஆமை

காலை ஒன்பது மணிக்கு அப்பாவு அண்ணன் தன் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் பங்குனி ஆமை என்கிற கடலாமை ஒன்றைக் கிடத்திக் கொண்டுவந்தார். படகு இன்ஜினின் விசிறி வெட்டியிருந்தது. முதுகு ஓடு ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து, ஆமை மூச்சு விடும்போதெல்லாம் பிளவில் ரத்த நுரை வந்தது. டாக்டர் மாஹிரா குனிந்து பார்த்துவிட்டு என்னிடம், "நுரையீரல்ல அடி சாராளக்கா. மயக்கம் குடுத்து உடனே தச்சாகணும்" என்றார்.

இரண்டாயிரத்து ஏழு, பிப்ரவரி. பழவேற்காட்டில் எங்கள் ஆமை ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறைக்கு அன்றுதான் திறப்பு விழா. மேசை, விளக்கு, ஆக்சிஜன், மயக்கத்தில் இருக்கும் ஆமைக்காக மூச்சு விடுகிற மிஷின் எல்லாமே கும்மிடிப்பூண்டிக் கம்பெனி ஒன்று வாங்கிக் கொடுத்தது. வந்து இறங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனால் கம்பெனி டைரக்டர் வந்து ரிப்பன் வெட்டும்வரை யாரும் தொடக்கூடாதாம். சாவி கம்பெனி அதிகாரி சுப்பராயனின் சட்டைப்பையில் இருந்தது. அவர் வாசலில் நாற்காலி போடச் சொல்லி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் போய்க் கேட்டார்.

"அரை மணி நேரம் மேடம். டைரக்டர் கெஸ்ட் ஹவுஸ்ல நாஷ்டா சாப்டுகினு இருக்காரு. இப்ப பிரிச்சி ரத்தமாக்கிட்டா போட்டோல நல்லாவா இருக்கும்?"

நான் தினமும் ஆமைகளுக்கு மீன் நறுக்குகிற சிமென்ட் மேடையைக் கழுவி அதன்மேல் ஆமையைக் கிடத்தினோம். தொண்டைக்குள் விட்ட குழாயில் ரப்பர் பையை மாட்டி நான் அமுக்கினேன், டாக்டர் தைத்தார். வெறுங்காற்றுதான். ஆக்சிஜன் சிலிண்டர் பூட்டிய அறையில் இருந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாக அந்த மிஷின் எனக்கு நன்றாகவே தெரிந்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை.

பத்தரை ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. கேட்கும்போதெல்லாம் அரை மணி நேரம் என்றார் அந்த மனுஷன். அவர் ஊர்க் கடிகாரத்தில் வேறு கணக்கே கிடையாது போல.

"டாக்டரம்மா, பூட்ட ஒடச்சிடலாமா?" என்று கேட்டேன்.

அவர் நூலை வெட்டினார். "கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் அக்கா. விழா முடியற வரைக்கும் அதெல்லாம் அவங்க பொருள். ஒடச்சா மொத்தத்தையும் லாரில ஏத்திக்கினு போயிடுவாங்க. நாளைக்கு வர்ற ஆமைக்கு இன்னா பண்றது?"

அவரிடம் நான் ஏன் கேட்டேன்? கேட்காமலே உடைத்திருக்க வேண்டும். இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

ஒரு மணிக்கு டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். இதயத் துடிப்பு கேட்கும் கருவியை ஆமையின் கழுத்தடியில் வைத்து வெகுநேரம் கேட்டார். அப்புறம் என் கையைப் பிடித்துப் பையிலிருந்து விலக்கினார்.

மூன்று மணிக்கு டைரக்டரின் கார் தெருவில் திரும்புகிறது என்று போன் வந்தது. சுப்பராயன் ஓடிவந்து கதவைத் திறந்தார். "அந்த ஆமையவே தூக்கி மேசை மேல வைங்கப்பா. ஆமை இல்லாம ஆமை ஆஸ்பத்திரிய எப்படிப் போட்டோ எடுக்கறது?"

"அது செத்துப்போச்சு" என்றார் டாக்டர்.

"அசையாது, அவ்ளோதானே மேடம். யாருக்குத் தெரியப்போவுது?"

அவருடைய ஆட்கள் இரண்டு பேர் தூக்கிப் போட்டார்கள். தொண்டைக் குழாயை நான் இன்னும் எடுத்திருக்கவில்லை. மிஷினைப் பொருத்த வந்தவன் அதில் மாட்டி சுவிட்சைப் போட்டான். டாக்டர் சுவரோரமாகப் போய், தலையைக் குனிந்து நின்றார்.

ரிப்பன் வெட்டியாயிற்று. டைரக்டர் வயசானவர், நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். ஆமையின் ஓட்டில் மெதுவாகக் கை வைத்தார். "பாவம். பிழைச்சுக்குமா?"

"கண்டிப்பா சார்" என்றார் சுப்பராயன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அது ஒரு மணிக்கே செத்துடுச்சி சார்" என்றேன். "நீங்க வந்தாதான் இந்தக் கதவத் தொறப்பாங்களாம். காலைல ஒம்போது மணிலேர்ந்து வெளிய கெடந்துச்சி."

கைதட்டல் நின்றது. சுப்பராயன் என்னைப் பார்த்தார். டைரக்டர் கையை எடுக்க மறந்து அப்படியே நின்றார். மிஷினை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆமையின் கழுத்தடித் தோல் உப்பி அடங்கியது, மறுபடியும் உப்பியது.