வெயிலில் போட்ட ஃபிலிம்

"யாரும்மா உங்களத் தொறக்கச் சொன்னது, நான் படிச்சுப் படிச்சு..."

"நனைஞ்சிட்ச்சி சார், அதான்..."

"சொன்னேன்ல, கேமராவோட பின்மூடியத் தொடவே கூடாதுனு!"

"உப்புத்தண்ணி சார்! வெயில்ல வெக்காம இன்னா பண்றது?"

பழவேற்காடு ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்தில், ஜமுனா வீட்டு வாசலில், வலை உலர்த்தும் கயிற்றில் துணி கிளிப் போட்டு ஃபிலிம் சுருள் தொங்கியது. படம் எடுக்கப் பயிற்சி கொடுக்கும் சிவகுமார் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று படகிலிருந்து இறங்கும்போது கேமராப் பை ஏரியில் முங்கிவிட்டது. பக்கத்து வீட்டு சுபஸ்ரீயின் போன் விழுந்தபோதும் இப்படித்தான் கழற்றிக் காயப்போட்டார்கள். உள்ளே இருந்த படம் ஒன்றுகூடப் போகவில்லை.

"வெளிச்சம் பட்டா ஃபிலிம் செத்துடும்மா. எல்லாம் போச்சு."

பறவை பார்க்க வருகிறவர்களைப் படம் பிடிக்கப் பழவேற்காடு படகுத்துறையில் ஒரே ஒரு ஆளுக்கு வேலை, மாதச் சம்பளத்தில். பயிற்சிக்கு வந்த இரண்டு பேரில் நன்றாக எடுப்பவருக்கு. படங்களைக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். காலேஜ் முடித்த அர்ச்சனாவுக்கு டிஜிட்டல் கேமரா. ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போகிற ஜமுனாவுக்கு யாரோ தானம் கொடுத்த ஃபிலிம் கேமராவும் முப்பத்தாறு படத்துக்கான ஒரு சுருளும். இதில் கற்றால்தான் பொறுமை வரும் என்று அப்போது சொல்லியிருந்தார் சிவகுமார்.

சிவகுமாரோடு வந்திருந்த அர்ச்சனா படகிலேயே உட்கார்ந்து, வேண்டாத படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு தப்பா எடுத்தா அழிச்சிக்குது. எனக்கு இன்னொரு ரோலு குடுங்க சார்."

"கேமராவோட ஒரே ஒரு ரோலுதாம்மா வந்துச்சு."

"அப்ப வாயால சொல்றேன், கேளுங்க. முப்பத்தாறும் மனசுல கீது. மொதோ படம், மனோரமாக்கா கழுத்தளவு தண்ணில, இறால் போட்ற பறியப் பல்லுல கடிச்சிக்கினு. சூரியன் அவங்க பின்னால இருந்துச்சு, மூஞ்சி கறுப்பாப் பூடும்னு நான் சுத்திக்கினு இந்தாண்ட வந்தேன். ரெண்டாவதுக்கு மூணு நாளு நின்னேன் சார்..."

ஜமுனாவின் புருஷன் கடலில் போய் நாலு வருடம். இந்த ஒரு மாதம்தான் அவள் வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் இருந்தது. "இரு, வெளிச்சம் வரட்டும்" என்று கேமராவிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஏழாவது படம் வரைக்கும் சிவகுமார் நின்று கேட்டார்.

"நல்லாவே கத்துக்கிட்டிருக்கீங்க" என்றார், குரல் இறங்கி. "ஆனா ஆபீஸ்ல படத்தத்தான் கேப்பாங்க. நீங்க சொன்னத எடுத்துட்டுப் போய் நான் எப்படிக் காட்றது?"

காலியான கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு படகில் ஏறினார். எஞ்சின் தடதடத்தது. ஜமுனா முழங்கால் தண்ணீரில், அப்புறம் இடுப்பளவில், பின்னாலேயே நடந்தாள். அர்ச்சனா கேமராவை உயர்த்தி அவளை நாலைந்து முறை எடுத்தாள், திரையைப் பார்த்தாள், அழித்தாள்.

"கடைசிப் படம் நான்தான் சார்! திருப்பி வெச்சி, கைய நீட்டி நானே எடுத்துக்கினேன்... எப்படி சார் வந்திருப்பேன்?"