ஸ்டியரிங் இல்லாத புல்வெட்டி

2006-இல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், அப்துல் கனி பாயின் பழைய இரும்புக் கிடங்கில் நான் சூப்பர்வைசர். வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வரும் இரும்பைத் தரம் பிரித்து உருக்காலைகளுக்கு அனுப்புவோம். ஒருமுறை, உட்கார்ந்து ஓட்டுகிற பழைய புல்வெட்டி வண்டிகள் மூன்று வந்தன. அவற்றைச் சேகரிக்கும் பெங்களூர்க்காரர் ஒருவர், கம்பெனி முதன்முதலில் செய்த மாடல் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்வதாகப் பாயிடம் சொல்லியிருந்தார்.

பிரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருந்த பழவேற்காட்டு அஸ்கர் அலியிடம், மூன்றில் அது எது என்று பார்க்கும் பொறுப்பைப் பாய் கொடுத்தார். சரியாகக் கண்டுபிடித்தால் வேலை நிரந்தரம்.

இரண்டு வண்டிகளில் வட்டமான ஸ்டியரிங் இருந்தது. மூன்றாவதில் நீளமான கம்பி ஒன்றுதான் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதாண்ணே மொதல்ல செஞ்சது" என்றான் அஸ்கர் அலி. "கம்பி முனையப் பாரு, கை பட்டுப் பட்டு வழவழன்னு கீது. இத்தப் புடிச்சித்தான் வண்டியத் திருப்பிக்கினு இருந்திருப்பான்."

எங்கள் கிடங்குக்கு எதுவும் முழுசாக வந்ததில்லை. இல்லாததெல்லாம் கழன்று போனது என்று எண்ணியே பதினோரு வருடம் பழகியிருந்தேன்.

"ஸ்டியரிங்க எவனோ கழட்டிக்கினு பூட்டான். உங்க ஊரு படகுன்னு நெனச்சியா, சுக்கான் புடிச்சி ஓட்ட?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சாப்பிடப் போனபோது, நானே சொல்லி அந்த வண்டியை கேஸ் கட்டரால் வெட்ட வைத்தேன்.

நான்கு நாள் கழித்துப் பெங்களூர்க்காரர் வந்தார். அவர் கொண்டுவந்த படத்தில், முதல் வருடத்து வண்டிக்கு ஸ்டியரிங்கே இல்லை. நீளக் கம்பிதான்.

பாய் அஸ்கர் அலியைக் கூப்பிட்டார். "இன்னாடா வேல பாக்குற? அத்தப் போயி வெட்டிக்கீற! உன்ன நம்பித்தானே உட்டேன்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் படத்தைப் பார்த்தேன். பொதுவாகவே அதிகம் பேசாதவன் நான். அன்று அந்தப் பழக்கம் வசதியாக இருந்தது.

"தப்பாயிடுச்சி பாய்" என்றான் அஸ்கர் அலி.

அன்றே அவனை லாரியில் இரும்பு ஏற்ற அனுப்பிவிட்டார்கள்.

இரவு தூக்கமில்லை. காலையில் பாயிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "அவனப் பழைய வேலைக்கே வரச் சொல்லு" என்றார்.

லாரி அருகே போய் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "வெட்டச் சொன்னது நான்தாம்பா. பாய் உன்ன உள்ள வரச் சொன்னாரு."

"நேத்து நீயும் அங்கதானண்ணே நின்னுக்கினு இருந்த?"

"உள்ள வாப்பா" என்றேன் மறுபடியும்.

"பாதி லோடு ஏத்தியாச்சி. முடிச்சிட்டு வரேன்" என்று குனிந்து அடுத்த கம்பியைத் தூக்கினான். அதன் மறுமுனையைப் பிடிக்கப் போனேன்.

"வேணாண்ணே" என்றான்.