ப்ரோத்ரோமோஸ் வாத்தியாரின் முடியாத சுற்று

கிரேக்க நாட்டுக் கஸ்தோரியாவில் ப்ரோத்ரோமோஸ் வாத்தியார் வகுப்பு மேசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தது பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணிக்கு. ஒரு சுற்றுக்குப் பதினோரு நொடி. அந்த வாரம் ஏரி ஓரம் உறைந்திருந்தது, வெங்காய விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவர் பொத்தான் கடை மாடியில் டியூஷன் நடத்தியவர். பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருஷமாக கம்ப்யூட்டர் புரோகிராம் சொல்லிக்கொடுத்தார். அறையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அவர் மனைவி பின்னிய லேஸ் துணி போர்த்தி, மேலே பூச்சட்டி வைத்திருந்தது. அதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை, தேவையும் இல்லை. பரீட்சை பேனாவால் தாளில் எழுதுவது. அதற்கென்றே ஒரு மொழி: எழுது, வாசி, திரும்பச் செய் என்று சுத்தமான கிரேக்கத்தில் கட்டளைகள். கடையில் விற்கிற எந்த எந்திரத்துக்கும் அது தெரியாது. ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. வாலும் பாதமுமாக மிஞ்சுகிற தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டு, முழு ஃபர் கோட்டு என்று விற்றுப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. அடுத்தவன் சரக்கைப் புரட்டிப் பார்ப்பது மரியாதையில்லை.

ஸீஸிஸ் என்ற ஃபர் வியாபாரியின் மகள் அஸிமீனா மட்டும் புரட்டிப் பார்த்தாள். புத்தகம் பத்தொன்பது வரியில் போட்ட கணக்கை அவள் ஏழு வரியில் போட்டாள். வாத்தியார் சுழி போட்டார்.

"எங்க சார் தப்பு?"

"புத்தகத்துல இப்படி இல்ல."

"ஓட்டிப் பாத்தா விடை வருமே சார்."

"ஓட்டுறதுக்கு இது என்னம்மா, ஸ்கூட்டரா?"

வகுப்பு சிரித்தது. அன்று சாயங்காலமே அவர் ஸீஸிஸுக்குப் போன் போட்டு, பொண்ணுக்கு இது வராது, பரீட்சை எழுதவிட்டு மானத்தை வாங்கிக்காதீங்க என்றார். வாத்தியாரின் பட்டம் மாதிரி சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய எந்தக் காகிதத்தையும் நம்புகிறவர் ஸீஸிஸ். பத்ராஸ் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்று பதினாலு வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த மகளிடம், ஊர்த் திருவிழா முடிந்ததும் ஃபர் பட்டறைக்கு வந்து பலகையில் தோல் விரித்து ஆணியடி என்று சொல்லிவிட்டார். டியூஷனில் அவளுக்கு ஒரு தேர்வுதான் மிச்சமிருந்தது. அதில் அவள் கேள்விகளைத் தொடாமல் மூன்று வரி எழுதிக் கொடுத்தாள்:

வாத்தியார் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லாதவரை திரும்பச் செய்
மேசையைச் சுற்று
முடிவு

ப்ரோத்ரோமோஸ் சிவப்புப் பேனாவோடு குனிந்து படித்தார். படித்து முடிக்கும்போது இரண்டாவது சுற்றில் இருந்தார். எந்திரங்களுக்குத் தெரியாத அந்த மொழி எலும்புவரை ஊறிய ஒரே பொருள் ஊரில் அவர்தான். அதனால் அவள் எழுதிய புரோகிராம் அவர்மேல் ஓடியது.

டாக்டர் கூடவே நாலு சுற்று நடந்து நாடி பார்த்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொன்னார். பாதிரியார் வாசலில் நின்று தண்ணீர் தெளித்தார். மனைவி ஒரு மூலையில் பீன்ஸ் சூப்பை நீட்டி, அடுத்த மூலையில் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். சொல்லித் தொலையுங்களேன் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். "எனக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருந்தாத்தானே சொல்ல முடியும்? பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றார்.

மகள் சார்பில் மன்னிப்புக் கேட்க வியாழக்கிழமை ஸீஸிஸ் வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாளை எடுத்தார்.

"வாத்தியாரே, இது எம்பொண்ணு எழுதுனதா?"

"ஆமா. அத்தனையும் தப்பு."

"தப்புன்னா ஏன் ஓடுது?"

வாத்தியார் மூன்று முறை அவரைக் கடந்து போனார். ஸீஸிஸுக்குப் படிப்பு வராது. ஆனால் ஓடுகிற சரக்கு எது, தேங்குகிற சரக்கு எது என்று முப்பது வருஷமாகத் தெரியும். வீட்டுக்குப் போய், "ஆணியடிக்க வேற ஆளு பாத்துக்கறேன். நீ போய் எழுது" என்றார். ஜூனில் அவள் எழுதினாள். எல்லாக் கணக்கையும் புத்தகத்தில் இருக்கிறபடியே நீட்டி எழுதி இருபதுக்கு இருபது வாங்கினாள்; அவள் ஒன்றும் அசடு இல்லை. செப்டம்பரில் பத்ராஸ் போய்ச் சேர்ந்தாள்.

வாத்தியார் நடந்தார். தூக்கத்திலும் நடந்தார், குறட்டை சுற்றிச் சுற்றி வருவதைப் பொத்தான் கடைக்காரர் கேட்டிருக்கிறார். தரை ஓடு நாலு தடவை மாற்றியாகிவிட்டது. போகிறபோக்கில் தாள் திருத்தினார், சுழி போட்டார். ஒரு நிமிஷம்கூட உட்காராத வாத்தியார் என்று பெற்றோர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

எட்டாவது வருஷம் ஈஸ்டருக்கு வந்த அஸிமீனா மாடியேறி வாசலில் நின்றாள்.

"ரெண்டே வார்த்தை சார். சொன்னா நின்னுடும்."

அவர் அரைச் சுற்று யோசித்தார். ஜன்னல் பக்கத்திலிருந்து கேட்டார்: "ஏம்மா, அது பாடத்திட்டத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்கு?"

அவர் வழியில் யாரோ இழுத்துப் போட்டிருந்த ஒரு நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். அந்தச் செப்டம்பரில் புதிதாக முப்பத்தோரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஸீஸிஸ் தன் கடைக்குட்டிக்கு முதல் வரிசையிலேயே இடம் பிடித்துவிட்டார்.