ஒரு கட்டத்தில் மட்டும் புள்ளடி

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் கோப்பிக்கு வரிசையில் நின்றபோது, எனக்குத் தெரிந்த வினோஜா சொன்னாள். அவளுடைய அம்மா சுலாஸ்திரி ஜாவாக்காரி. அப்பா சபாரத்தினம் யாழ்ப்பாணத்துச் சைவர். அம்மா இறந்து இரண்டு மாதம்.

"எழுதுங்கோ. ஆனா அம்மாவை இன்னதெண்டு அடைச்சுப் போடாதேங்கோ."

2
முதல் வரி: சுலாஸ்திரி ஒரு முஸ்லிம் பெண்—

வெட்டிவிட்டேன். நோன்பு பிடித்தவர்தான். ஆனால் வியாழன் மாலைகளில் முன்னோருக்குப் பூவும் சாம்பிராணியும் வைப்பார். கோயில் தேருக்குப் பின்னால் வெறுங்காலுடன் நடப்பார்.

இரண்டாம் வரி: எல்லா மதமும் ஒன்றென்று நம்பிய—

இதுவும் பொய். அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை. கேட்டால், "எங்கடை ஆக்கள் இப்பிடித்தான்" என்பார்.

3
இறுதிச்சடங்குப் படிவம், இந்த நாட்டு மொழியில் ஷேமா, மேசையில் கிடந்தது.

"எரிப்பம்," என்றார் சபாரத்தினம். "பிறகு என்ரை சாம்பலையும் அவாவின்ரையோடை கரைக்கலாம்."

"அம்மா நோன்பு பிடிச்சவா, அப்பா. புதைக்க வேணும்."

"தேருக்குப் பின்னாலை நடந்தவாவும் அவாதானே?"

"இந்த ஷேமாவிலை ஒரு கட்டத்திலைதான் புள்ளடி போடலாம்."

மூன்று நாள் படிவம் நிரப்பப்படாமல் கிடந்தது. நான்காம் நாள் வினோஜா ஜாவாவிலிருக்கும் மாமாவை அழைத்தாள். அவர் மதத்தைப் பற்றிப் பேசவேயில்லை. தன்னை மண்ணில் வைக்க வேண்டும், நாற்பதாம் நாள் அயலவருக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்று அக்கா சுலாஸ்திரி முன்பே அவரிடம் சொல்லியிருந்தாராம்.

சபாரத்தினம் பேனையை எடுத்துப் புதைப்பதற்கான கட்டத்தில் புள்ளடி போட்டார்.

"முப்பது வருசம். எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை."

4
(அந்தச் சோற்றுச் சடங்குக்கு ஸ்லாமெத்தான் என்று பெயர். சோற்றைக் கூம்பாகக் குவித்து அயலவர் சுற்றி இருப்பார்கள். வீட்டுக்காரர் நோக்கத்தைச் சொல்ல, ஒருவர் துஆ என்ற அரபிப் பிரார்த்தனையை ஓத, எல்லாரும் ஆமீன் என்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் நேராதிருக்க வேண்டும்; வேண்டுதல் அவ்வளவே.)

நாற்பதாம் நாள், ரொம்சோஸிலுள்ள சபாரத்தினத்தின் வீட்டுக்குக் கோயிலிலிருந்து மூவர் வந்தார்கள், பள்ளிவாசலிலிருந்து இருவர். சாம்பிராணிப் புகையைக் கண்டதும் துஆ ஓத வந்தவர் தயங்கினார். அரபி ஓதப்போகிறார்கள் என்றறிந்து கோயில்காரர் குலேந்திரன் கதவைப் பார்த்தார். யாரும் சோற்றைத் தொடவில்லை.

சபாரத்தினம் தமிழில் தொடங்கினார்.

"லாஸ்திரி, உம்மை எரிக்க வேணுமெண்டு நிண்டனான். பிழையெண்டால் பொறுத்துக்கொள்ளும்."

5
முடிவு ஒன்று: துஆ ஓத வந்தவர் கைகளை உயர்த்துகிறார்.

முடிவு இரண்டு: குலேந்திரன் எழுந்து சப்பாத்தைத் தேடு—

உண்மையில் நடந்தது வினோஜாவுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. அழைப்பு அயலவருக்கு, இவ்வளவு நேரம் இருந்து கேட்ட நீங்களும் அயலவர்தான். சபாரத்தினம் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். யாராவது ஒருவர் முதலில் ஆமீன் சொல்ல வேண்டும்.