மூடியைத் திறக்காத ஞாயிற்றுக்கிழமை

இன்னும் ஒரு கிலோ குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது ஒரு புதன்கிழமை. அடுத்த புதன்கிழமை மறுபடி எடை பார்ப்பார்கள். என் மனைவி அன்று நாற்பத்தொரு கிலோ இருந்தாள். தொண்டையில் வந்த கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கட்டி போய்விட்டது. கூடவே உமிழ்நீரும் நாக்கின் ருசியும் போய்விட்டன. எதை வாயில் வைத்தாலும் காகிதத்தை மெல்வது போல இருக்கிறது என்பாள். சமையல் வாசனை பட்டாலே குமட்டுகிறது என்று படுக்கையறைக் கதவைச் சாத்தி, அடியில் ஒரு துண்டையும் செருகி வைத்திருந்தாள்.

குழாய் என்றதும் வேறு வழியே இல்லையா என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். அவளோ "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் யார் எதைச் சொன்னாலும் குறுக்குக் கேள்வி கேட்காமல் விட்டவள் இல்லை அவள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடியில் ஆள் மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் வெளியே எடுப்பேன். ஆனால் பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். சமையலில் எனக்குத் தெரிந்தது முட்டை வேகவைப்பது மட்டும். அதிலும் பாதி வெடித்துவிடும்.

எங்களோடு வேலை செய்கிற ஒருவருக்கு 'ஹெல்மெட்' என்று பட்டப்பெயர். சாப்பிடும்போதுகூட அதைத் தலையிலிருந்து கழற்றமாட்டார். வியாழக்கிழமை அவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் பைக் மேல் வைத்தார்.

"தம்பி, இது ஸ்லோ குக்கர். வாங்குன நாள்லேர்ந்து எங்க வீட்ல பரண்லதான் இருக்கு. கறி, காய், தண்ணி எல்லாத்தையும் காலைல போட்டு விட்டுடு. எட்டு மணி நேரம் அது பாட்டுக்கு வேகும். தங்கச்சி மெல்லவே வேணாம், முழுங்கினா போதும்."

"எட்டு மணி நேரமா? அதுக்குள்ள நான் ஒரு மோட்டாரையே பிரிச்சு மாட்டிடுவேன் அண்ணே."

"அதனாலதான் சொல்றேன். மூடியை மட்டும் திறக்காத. ஒரு தடவை திறந்தா, போன சூடு திரும்ப வர அரைமணி ஆகும்."

வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இருந்த தகட்டில் இருநூறு வாட் என்று போட்டிருந்தது. என் மகளின் ஹேர் டிரையர் இதைப்போல ஆறு மடங்கு இழுக்கும். கனமான பீங்கான் பானை, கண்ணாடி மூடி, திருகிவிட ஒரே ஒரு குமிழ். இது எலும்புக்கறியை வேகவைக்குமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். ஆட்டின் கால்பகுதியை எலும்போடு வாங்கிவந்து, கேரட், உருளைக்கிழங்கு, ஊறவைத்த பீன்ஸ் விதை எல்லாவற்றையும் பானையில் போட்டு எட்டு மணிக்குத் திருகினேன். ஒன்பது மணிக்குத் திறந்தேன். கொதிக்கவே இல்லை. ஒன்பதரைக்கு மறுபடி. பத்து மணிக்குக் கரண்டியால் குத்திப் பார்த்தேன். என்ன செய்ய, எந்த மூடியைக் கண்டாலும் கழற்றிப் பார்த்துதானே எனக்குப் பிழைப்பு. என் மகளும் சும்மா இல்லை. அவளுக்கு நான் வைத்த பெயரே 'இன்ஸ்பெக்டர்'. கல்லூரிக்குப் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை திறந்து சோதனை போட்டாள். நாலு மணிக்குக் கறியைப் பல்லால் இழுக்க வேண்டியிருந்தது. மனைவி ஒரு துண்டை வாயில் வைத்து ரொம்ப நேரம் முயன்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தில் துப்பினாள். எனக்கு முன்னால் துப்ப நேர்ந்ததற்காக என்னிடமே மன்னிப்புக் கேட்டாள்.

சனிக்கிழமை வேலைக்குப் போயே ஆகவேண்டும். நான் போனபிறகு யாரும் கைவைக்கக்கூடாது. அதற்கு எங்கள் தொழிலிலேயே ஒரு வழி இருக்கிறது. லிஃப்ட்டுக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்போது, மெயின் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவோம். 'தொடாதே' என்று எழுதியிருக்கும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும், முதலாளியே வந்தாலும், அந்தப் பக்கம் விரலை நீட்டக்கூடாது. கறியைப் போட்டேன், திருகினேன், என் சிவப்பு அட்டையைச் சுவரிலிருந்த சுவிட்சில் மாட்டினேன். பலே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு கிளம்பினேன்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் வாசனையே இல்லை. ஓடிப்போய் பானையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது.

"யாரு ஆஃப் பண்ணது?" நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு நாய் குரைத்தது.

இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து வந்தாள். "யாரும் தொடலப்பா. காலைல நீங்க போனப்பவே ஆஃப்லதான் இருந்துச்சு."

"பாத்தவ போட்டுவிட வேண்டியதுதானே?"

"சிவப்பு அட்டை தொங்கினா உசிரே போனாலும் சுவிட்ச் பக்கம் போகக்கூடாதுன்னு ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து எனக்குச் சொன்னது யாரு? ஃபோன் பண்ணேன். எட்டு தடவை. நீங்க எடுக்கல."

அப்போதுதான் உறைத்தது. அட்டையை மாட்டும் முன் சுவிட்சை அணைப்பது இருபத்தாறு வருடப் பழக்கம். என்னைக் கேட்காமலே கை அதன் வேலையை முடித்திருக்கிறது. ஒன்பது மணி நேரம் வெளியே கிடந்த பச்சைக் கறியை யாருக்குக் கொடுப்பது? அவ்வளவையும் குப்பையில் கொட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

படுக்கையறைக் கதவு கொஞ்சம் திறந்தது. "என்னங்க," என்றாள் மனைவி. கோபமும் இல்லை, கேலியும் இல்லை. "எனக்காக எதுக்கு இந்தப் பாடு? குழாயே போட்டுக்கறேன். விட்டுடுங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். துண்டு மறுபடி கதவின் அடியில் நுழைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதையும் லேசில் விட்டுக்கொடுக்காத பெண், சாப்பாட்டையே விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கறியைப் போட்டேன். என்ன தோன்றியதோ, நாலே நாலு மிளகையும் போட்டேன். மூடினேன். சுவிட்சைப் போட்டு, போட்டதை மூன்று தடவை பார்த்தேன். பிறகு பானைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு மணி நேரம் நரகம். கை அரித்தது. ஒன்பதரை வாக்கில் கண்ணாடி மூடியின் உட்புறம் பனித்தது. பொட்டுப் பொட்டாக நீர் சேர்ந்தது. ஒரு பொட்டு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு ஓரத்துக்கு வழுக்கியது. ஓரத்தில் சேர்ந்த நீர் மூடிக்கும் பானைக்கும் நடுவே ஒரு வளையமாக நின்றது. மூடியை இறுக்கிப் பிடித்திருந்தது அந்த வளையம்தான். ஒரு போல்ட் இல்லை, ரப்பர் வாஷர் இல்லை. தன் சொந்த நீரை வைத்தே பானை தன்னை மூடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க இதைத்தானே நான் பிய்த்துப் பிய்த்து எறிந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினொன்றரைக்கு வாசனை வந்தது. முதலில் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. கொதிக்கும் சத்தம் இல்லை, ஆவி சீறவில்லை. கேரட்டின் இனிப்பு, பிறகு கறி, கடைசியாக எலும்புக்குள்ளிருந்து ஏதோ ஒரு ஆழமான மணம். என் தொழிலில் பெரிய சக்தி என்றால் பெரிய சத்தம் இருக்கும். இது ஒரு சத்தமும் போடாமல் எலும்பைத் திறந்துகொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்தாள். எதையும் தொடவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மா ரூமுக்கும் போகுமே. குமட்டப் போகுது."

"ஜன்னலைத் திறந்து வை," என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணிக்குப் படுக்கையறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கத்தப் போகிறாள் அல்லது குமட்டலோடு குளியலறைக்கு ஓடப் போகிறாள். அவள் துண்டைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கண்ணை மூடி மூக்கால் இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

"மிளகு போட்டிருக்கீங்களா?"

"நாலே நாலு மிளகு," என்றேன்.

"தெரியுது," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. "நல்லாத் தெரியுது. எப்ப ஆகும்?"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இப்பவே வேணும்னா..." என் கை மூடிக்குப் போய்விட்டது.

"தொடாதீங்க!" என்று அதட்டினாள். பழைய அதட்டல். என் ஸ்டூலை வாங்கிப் போட்டு அவளே காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மணிக்குத் திறந்தேன். கரண்டியை வைத்து அழுத்தவில்லை, சும்மா வைத்தேன், கறி பிரிந்தது. எலும்பை நுனியில் பிடித்துத் தூக்கினால் வெள்ளை வெளேரென்று தனியாக வந்தது. ஹேர் டிரையரில் ஆறில் ஒரு பங்கு மின்சாரம். நானா செய்தேன் இதை? நான் செய்ததெல்லாம் சும்மா இருந்ததுதான்.

அவளுக்குக் கிண்ணத்தில் சாறும் கறியும் ஊற்றினேன். முதல் ஸ்பூனை வாயில் வைத்து அப்படியே இருந்தாள். நானும் மகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்டை ஏறி இறங்கியது.

"ரெண்டு பேரும் இப்படி முழிச்சா எப்படிங்க இறங்கும்? உங்க தட்டைப் பாருங்க," என்றாள்.

பார்த்தோம். நான் ஒரு துண்டை என் தட்டில் போட்டு, பசியே இல்லாமல் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் கிண்ணத்தில் ஸ்பூன் உராயும் சத்தம் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது, ஆனால் நிற்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அடியைச் சுரண்டும் சத்தம் வந்தது. அப்புறம் நீட்டி வந்த ஒரு மெலிந்த கை, என்னைக் கேட்காமல், என் தட்டிலிருந்த கறியை எடுத்துக்கொண்டு போனது. மகள் என் காலை மேஜைக்கடியில் உதைத்தாள்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன். பானையிலிருந்து இன்னொரு நல்ல துண்டாக எடுத்து என் தட்டில் வைத்து, தட்டை அவள் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.