எட்டு முட்டையும் ஒரு பீரோவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. என் புத்தக பீரோ மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது; கதையும் அதோடு சேர்ந்து சிக்கியது.

வீடு மாற்றுகிறேன். வார இதழ் ஆசிரியர் காலையில்தான் போன் செய்தார். "உடல்நலச் சிறப்பிதழ். சாயங்காலத்துக்குள்ள ஒரு கதை வேணும். கொலஸ்ட்ரால் பத்தி இருக்கணும். படிக்கிறவங்க சிரிக்கவும் செய்யணும்."

கொலஸ்ட்ராலில் சிரிக்க என்ன இருக்கிறது என்று மூன்றாம் மாடியில் முழித்துக்கொண்டிருந்தபோது, சாமான் ஏற்றி இறக்கும் குழு வந்தது. மொத்தம் மூன்று பேர்: கணவர், மச்சினன், வண்டி ஓட்டும் மனைவி. இனி வருவதெல்லாம் அவர்கள் போட்ட சண்டையில் என் காதில் விழுந்தது. விழாததை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன்.

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

"விடிகாலையில் ஒரு கோழி…" (வேண்டாம். இந்தக் கதையில் கோழியின் வேலை முன்பே முடிந்துவிட்டது.)

"மனித உடலுக்குப் புரதம் என்பது…" (ஆசிரியருக்குப் பிடிக்கும். உங்களுக்குக் கொட்டாவி வரும்.)

"இருபத்திரண்டு வருடமாக அவர்தான் கீழ்ப்பக்கம்."

இது சரி. இப்படியே போவோம்.

பீரோவைப் படியில் இறக்கும்போது பாரமெல்லாம் கீழே நிற்பவர் மேல்தான். மேலே நிற்பவர் "இடது, இடது, சுவர்!" என்று கத்தினால் போதும்.* அதனால் கீழ்ப்பக்கம் பிடிப்பவர்தான் குழுவுக்குத் தலைவர். முதல் டீ அவருக்குத்தான். போன மழைக்காலத்தில் ஒரு ஃபிரிட்ஜ் கணவர் கையிலிருந்து நழுவியது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மனைவி, "இனிமே நீங்க மேலே நில்லுங்க" என்றுவிட்டார். மச்சினன் கீழே போனான். டீயும் அவன் பின்னால் போனது.

* மேலே நிற்பவரும் தூக்கத்தான் செய்கிறார். இதைப் படித்துவிட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

3

ஐம்பத்து மூன்று வயதில் அவர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். "புரோட்டீனை ஏத்துங்க" என்றார் பயிற்சியாளர். தினம் எட்டு முட்டை. புஜம் திரும்பி வந்தது. ரத்தப் பரிசோதனை செய்தால், கொலஸ்ட்ராலும் கூடவே வந்திருந்தது. டாக்டர் பெரிய பட்டியலே சொன்னார். இவர் காதில் ஏறியது, "மஞ்சள் கருவைக் குறைங்க" மட்டும்.

மனைவி ஒரு வாக்குக் கொடுத்தார். "மூணு மாசத்துல கொலஸ்ட்ரால் குறையட்டும். கீழ்ப்பக்கம் மறுபடி உங்களுக்கு."

எந்தப் பாரத்தையும் இரண்டாகப் பிரித்தே பழகியவர், முட்டையையும் அப்படியே பிரித்தார்.

"டேய் மச்சான், வெள்ளை என் பக்கம். மஞ்சள் உன் பக்கம்."

"எட்டுமா அத்தான்?"

"பீரோ தூக்குறவன் எட்டு மஞ்சளுக்குப் பயப்படலாமா?"

"பீரோவை யாரும் முழுங்கச் சொல்லலையே!"

(இந்த மச்சினன் பாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. தினம் எட்டு மஞ்சள் கருவை ஒருவன் தின்பானா? ஆறாகக் குறைத்துவிடலாமா என்று எட்டிப் பார்த்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து அவித்த மஞ்சள் உருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். எட்டே இருக்கட்டும்.)

4

மூன்று மாதம் முடிந்து, இன்று பரிசோதனை முடிவு. ஒட்டிய கவர் மனைவியின் தோள்பையில் இருந்தது. "வேலை முடிஞ்சு பிரிப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனார். அந்த இடைவெளியில் கணவர் மச்சினனிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கீழ்ப்பக்கம் போய்விட்டார்.

இரண்டாம் மாடித் திருப்பம். பீரோவைக் கட்டிய கயிற்றை மேலே மச்சினன் பிடித்திருந்தான்.

"அத்தான், கயிறு வழுக்குது!"

"ஈரமா இருக்கும்டா."

"ஈரத்துல வெண்ணெய் வாசம் வருமா?"

பீரோ மூன்று படி சறுக்கியது. அதில் என் புத்தகங்கள் அத்தனையும் இருக்கின்றன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் தோளைக் கொடுத்துத் தாங்கியிருந்தார். பீரோ நின்றுவிட்டது!

சத்தம் கேட்டு மனைவி மேலே ஓடி வந்தார். "ஏங்க! நீங்க ஏன் கீழே நிக்கிறீங்க?"

"பிடிச்சிட்டேன் பாரு!"

பீரோவைச் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சாய்த்து வைத்தார்கள். மனைவி கயிற்றை முகர்ந்தார்.

"கயித்துப் பெட்டியில வெண்ணெய் டப்பா ஒளிச்சு வச்சது யாரு?"

"வெறும் வெள்ளை ரப்பர் மாதிரி இருக்கும்மா. அது மேல லேசா தடவிக்கிட்டேன்."

"லேசாவா? கயிறே பளபளன்னு மின்னுது! டாக்டர் முதல்ல சொன்னதே வெண்ணெயைத்தானே?"

"எனக்கு முட்டைதான் கேட்டுச்சு."

"அக்கா, கவரைப் பிரி. தெரிஞ்சிடும்" என்றான் மச்சினன்.

"பிரிக்காதே." அதுவரை கத்திக்கொண்டிருந்தவரின் குரல் இறங்கிவிட்டது. "இப்ப தாங்கிப் பிடிச்சேன்ல? அதைக் கொஞ்ச நேரம் வச்சுக்கறேனே."

5

கொலஸ்ட்ரால் குறைந்திருந்தது என்று முடிக்கலாம். முடித்தால் நாளைக்கே நாலு வாசகர்கள் வெண்ணெய் டப்பாவோடு உட்காருவார்கள்.

ஏறியிருந்தது என்று முடித்தால் ஆசிரியருக்குச் சந்தோஷம். ஆனால் இந்த மனிதரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிரு…

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பீரோ இன்னும் திருப்பத்தில்தான் நிற்கிறது. நான் மேல்படியில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டி மூடியில் இதை எழுதுகிறேன். கவரைப் பிரித்தால்தான் யார் கீழ்ப்பக்கம் என்று முடிவாகும். முடிவானால்தான் பீரோ நகரும். நகர்ந்தால்தான் நான் வெளியே போக முடியும்.

"நாங்க பிரிச்சா சண்டைதான் வரும். பொதுவான ஆள், நீங்க பிரிங்க" என்கிறார் மனைவி. கவர் அவர் கையிலிருந்து கணவர் கைக்கு வருகிறது. அவர் அதை ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு, பீரோவுக்கு மேலே கையை நீட்டி மச்சினனிடம் தருகிறார். அவன் திரும்பி என்னிடம் கொடுத்துவிடுகிறான்.

மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மேலே நின்று கத்துவதுதான். இடது, இடது, சுவர்!

பாரம் எப்போதுமே கீழே நிற்பவர் மேல்தான். நீங்கள்தான் இந்தப் பக்கத்தின் கீழ்க்கோடிக்கு வந்து நிற்கிறீர்கள். இந்தாருங்கள், பிடியுங்கள். பார்த்து, இரண்டு கையாலும். கவர் கொஞ்சம் வழுக்குகிறது.