பழைய பேப்பர் கடைத் தராசில் பிரிட்டோ

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. நான் புத்தகம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பருத்த மனிதர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேப்பர் நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். எண்ணைப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்தார். இறங்கும்போது சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குக் காரணம் தெரியாமல் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. (பொய். நன்றாகவே இறங்கியது. அதனால்தான் இப்போது கொள்ளுக்கஞ்சி குடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.)

2

தொடக்கம் ஒன்று: 'தாம்பரத்தின் மீது மாலை வெயில் பொன்னாக இறங்கிய' — வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையில் வெயில் பொன்னாக இறங்கி நான் பார்த்ததில்லை.

தொடக்கம் இரண்டு: பிரிட்டோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பீர்க்கன்கரணையில் வீடு. மறைமலை நகரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கிற வேலை. (கதைக்கு இவ்வளவு தோதான வேலை சந்தேகத்தைக் கிளப்பும். ஆனாலும் எடுக்க மனமில்லை.) சர்க்கரை உண்டு. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் உண்டு. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். பிரிட்டோ உடனே காரியத்தில் இறங்கி, எடை குறைப்பதைப் பற்றி ஏழு பழைய புத்தகங்கள் வாங்கினார்.*

ஏற்கெனவே வாங்கிக் குவித்த புத்தகங்களோடு இவையும் சேர்ந்து கட்டிலுக்கடியிலும் இடமில்லாமல் போன நாளில் அவர் மனைவி கிறிஸ்டினா சட்டம் போட்டாள்.

"இனிமே ஒரு கிலோ புக்கு உள்ள வரணும்னா, உங்க உடம்புலேர்ந்து ஒரு கிலோ வெளிய போகணும்."

* பழைய கடையில் டயட் புத்தகம் முதல் இருபது பக்கம் கசங்கியிருக்கும். மிச்சம் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்கும். சமையல் புத்தகமோ கடைசிப் பக்கம்வரை மஞ்சள் கறையோடு வரும்.

3

கிறிஸ்டினாவைக் கறாரான மனைவியாக எழுதி, நாலு இடத்தில் உங்களைச் சிரிக்கவைத்து முடித்துவிடத்தான் நினைத்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. ஞாயிறு மதியம் கணவர் தூங்கும்போது, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறவளை வைத்து எத்தனை நேரம்தான் சிரிக்க முடியும்?

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு நான்கு பாகத் தாவரவியல் அகராதி ஒன்று வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பாகமும் ஒரு கிலோ இருக்கும். பிரிட்டோ வாழ்நாளில் ஒரு ரோஜாச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியதில்லை. ஆனால் பார்த்ததும் மனசு அதில் விழுந்துவிட்டது.

"சனிக்கெழம லோடு ஏத்திடுவேன் சார். அப்பால பேப்பர் மில்லுல கூழுதான். இன்னா சொல்றீங்க?" என்றார் கடைக்காரர்.

பிரிட்டோ ஏரியைச் சுற்றி நடந்தார். பரோட்டாக் கடை வந்தால் எதிர்ப்பக்கம் மாறினார். அங்கே பஜ்ஜிக் கடை இருந்தது. டயட் என்பது சாப்பிடாமல் இருப்பது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

சனிக்கிழமை அவர் தராசில் ஏறினார். போன மாதம் ஆஸ்பத்திரியில் காட்டியதைவிட நாலரை கிலோ குறைவு. நான் பார்த்த சிரிப்பு அதுதான்.

4

அகராதியை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு, படத்தை மனைவியிடம் நீட்டினார்.

"எந்த மெஷின்லங்க நின்னீங்க?"

"நம்ம பேப்பர் கடையிலதான். ஏன்?"

கிறிஸ்டினா வருஷக்கணக்கில் அந்தக் கடைக்குப் பேப்பர் போடுகிறவள். அங்கே போடுகிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும்: பத்து கிலோ கொண்டுபோனால் அந்தத் தராசு ஒன்பதரைதான் காட்டும். பிரிட்டோ அங்கே எதையும் விற்றதே இல்லை. வாங்க மட்டுமே போவார். புத்தகத்துக்கு அந்தக் கடையில் தராசும் கிடையாது. கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

அவருடைய தொண்ணூறு கிலோ உடம்பைப் பத்துப் பத்தாகப் பிரித்து, பத்துக்கு அரை கிலோ என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஏறக்குறைய ஒன்றுமே குறையவில்லை.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள். போன தடவை அரை கிலோ ஏறியதற்கே நடப்பதை விட்டவர், இப்போதும் விட்டுவிடுவார்.

முடிவு ஆ: சொல்லவில்லை. ஜெயித்த தெம்பில் அவர் நேராகப் பரோட்டாக் கடைக்குப் போவார்.

எப்படிப் போனாலும் அவரை இழந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். எழுதுகிற எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

5

முடிவு இ: 'கிறிஸ்டினா பெருந்தன்மையோடு சிரித்து' — இல்லை, அவள் சிரிக்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

"சாப்டீங்களா?"

"இல்ல. வெயிட் ஏறிடக்கூடாதுன்னு காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

"மாத்திர?"

"அத போட்டுட்டேன்."

அப்போதுதான் அவர் நெற்றி வேர்த்திருப்பதையும் கை நடுங்குவதையும் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். இவ்வளவு நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சுகருக்கு மாத்திரய போட்டுட்டு பட்டினி கெடப்பாங்களா? சுகர் ஒரேயடியா எறங்கிடாதா? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று கத்திக்கொண்டே அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்தாள்.

"வாயத் தொறங்க."

திறந்தார்.

இனி நான் உள்ளே அவர்களோடு இருக்க வேண்டும். அந்தக் கை நடுக்கம் நிற்கும்வரை கதையைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. அகராதியின் நான்கு பாகமும் வாசற்படியிலேயே கிடக்கின்றன. வீட்டுக்குள் எடுத்து வைப்பதா, கடைக்கே திருப்பி அனுப்புவதா என்று நீங்களே பார்த்துச் செய்யுங்கள். தராசைப் பற்றி மட்டும் அவரிடம் இன்றைக்கு வாயைத் திறக்காதீர்கள்.